வலது பக்கம்

புதன்கிழமை, காலை எட்டே முக்கால். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய்ப் பிரிவின் நடைவழி.

சுவரோரமாக இரும்பு நாற்காலிகள். ஆள் இல்லாத நாற்காலியில் பை இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கட்டைப்பை. உள்ளே மாமோகிராம் கவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே, கசங்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் காப்பீட்டு அட்டை.

மூலை நாற்காலியில் பச்சை வாயில் சேலை. வயது 48. முக்கூடல் பக்கத்துக் கிராமம். வலது மார்பில் கட்டி. இரண்டு மாதத்துக்கு முன் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மகளிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அப்பாவிடம் மகள்தான் சொன்னாள். கேஸ் ஷீட்டில் இவ்வளவும் எழுதியிருக்கிறது.

மடியில் இரண்டு கைகள். வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டே இருக்கிறது. பதினான்கு வயதிலிருந்து பீடி சுற்றும் விரல்கள். மடியில் தட்டு இல்லை என்பது அவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு பக்கம் கணவர். கொத்தனார். கால் நகங்களில் சிமெண்ட். மறுபக்கம் தம்பி. தம்பியின் சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் மெழுகுத் துண்டு ஒன்று, கண்ணாடி வில்லைகள் இரண்டு. அக்காவின் மார்பிலிருந்து எடுத்த சதை அந்த மெழுகுக்குள் இருக்கிறது. தம்பி குனியும்போதெல்லாம் ஒரு கை சட்டைப் பையைப் பொத்திக்கொள்கிறது.

எதிர்ச் சுவரில் இரண்டு படங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. டாக்டர் சாந்தா. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். மறு ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை வேறெங்கும் போகவில்லை. ஓர் ஆயா ஸ்டூலில் ஏறி இரண்டு கண்ணாடிகளையும் துடைக்கிறார். யாரும் சொல்லித் துடைப்பதாகத் தெரியவில்லை.

ஒன்பது மணி. டியூமர் போர்டு அறையின் கதவு சாத்தப்படுகிறது.

நீள மேசை. அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், சதைப் பரிசோதனை பார்க்கும் மருத்துவர். சுவரோரம் பட்டமேற்படிப்பு மாணவர்கள். திரையில் ஒரு சதைத் துணுக்கு, பல நூறு மடங்கு பெரிதாக. நீலப் புள்ளிகளுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள். பழுப்பாகத் தெரிந்தால் அந்தச் செல் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. அதை மறித்தால் வாடும்.

முதல் கோப்பு. வயது 38. ஐந்து சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் நெறி. ஹெர்-டூ என்ற புரதம் மூன்று பிளஸ். கீமோ முதலில், ஹெர்-டூவை மறிக்கும் டிராஸ்டுசுமாப் கூடவே, கட்டி சுருங்கிய பிறகு கத்தி. டிராஸ்டுசுமாப் ஓராண்டு போகும், மூன்று வாரத்துக்கு ஒன்று. "எக்கோ பாத்தாச்சா?" இதயம் தாங்குகிறதா என்று இடையிடையே பார்த்துக்கொண்டே போட வேண்டிய மருந்து. அமெரிக்காவில் 1998-இல் வந்தது. 2014-இல் பெங்களூரின் பயோகான் அதை உள்நாட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியது; அதற்கு முன் விலை இன்னும் அதிகம். இன்று சாதாரணக் கோப்பு ஒன்றில் அதன் பெயர் நீல மையில் எழுதப்படுகிறது.

இரண்டாவது. வயது 34. ஹார்மோன் ஏற்பிகள் ஈ.ஆர்., பி.ஆர்., கூடவே ஹெர்-டூ, மூன்றும் நெகடிவ். ஹார்மோன் மாத்திரை உதவாது, ஹெர்-டூ ஊசி உதவாது. கீமோ. கூடவே, பரம்பரையாக வருவதா என்று பார்க்க பிஆர்சிஏ ரத்தப் பரிசோதனை. "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" "ரெண்டு தங்கச்சி." கேட்டவரின் பேனா ஒரு நொடி நிற்கிறது.

மூன்றாவது. வயது 71. முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. கத்தி இல்லை. தினம் ஒரு லெட்ரோசோல், எலும்புக்கு ஊசி, வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு, 8 கிரே. "வைகாசியில பேரன் கல்யாணமாம். அதுக்குள்ள உக்கார வச்சிருங்கன்னு கேட்டாங்க." கதிர்வீச்சு மருத்துவர் டைரியைப் புரட்டுகிறார். புரட்டிய பக்கத்தை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்கே வருகிறார். "நாளைக்கே வச்சிருவோம்."

நான்காவது முக்கூடல். கட்டி 2.2 சென்டிமீட்டர். அக்குள் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ். ஹெர்-டூ நெகடிவ்.

"கட்டியை மட்டும் எடுக்கலாம்."

"எடுத்துட்டு பதினஞ்சு நாள் கரண்ட்." கரண்ட் என்றால் இங்கே கதிர்வீச்சு.

"இல்லைன்னா முழுசா."

மூத்த மருத்துவர் ஒரு மாணவரைப் பார்க்கிறார். "பி-06 சொல்லுங்க." மாணவர் எழுகிறார். அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் நடத்திய ஆய்வு. 1,851 பெண்கள். இருபது ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 2002-இல் வெளியானது. மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை. கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் வைத்தவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கதிர்வீச்சு வைக்காதவர்களில் 39.2.

"அதனால?"

"மார்பை வச்சிக்கிட்டா கரண்ட் கட்டாயம் சார்."

மாணவர் உட்காருகிறார். கோப்பின் முகப்பில் மூத்த மருத்துவர் பென்சிலால் எழுதுகிறார்: இரண்டில் எதுவும் ஆகலாம். நோயாளி விருப்பம்.

கோப்பு மூடப்படுகிறது. அடுத்த கோப்பின் முடிச்சு அவிழ்கிறது.

பத்தே முக்கால். அறுவை மருத்துவரின் அறை. மருத்துவர் பெண். மேசைக்கு எதிரே ஒரே ஒரு ஸ்டூல். அதில் கணவர் உட்காருகிறார். பச்சைச் சேலை பின்னால் நிற்கிறது. மருத்துவர் எழுந்து மூலையில் கிடக்கும் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

"நீங்க உக்காருங்கம்மா."

வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் வரைகிறார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. வட்டத்துக்கு மேலே, அக்குள் இருக்கும் இடத்தில், நாலைந்து சிறு புள்ளிகள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, கட்டியையும் சுத்தி கொஞ்சம் நல்ல சதையையும் எடுக்கறது. மார்பு இருக்கும். அப்புறம் பதினஞ்சு தடவை கரண்ட். திங்கள்ல இருந்து வெள்ளி, மூணு வாரம். இன்னொண்ணு, முழுசா எடுக்கறது. நெறியில நோய் இல்லைன்னா அநேகமா கரண்ட் வேண்டியிருக்காது. ஆயுசுன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பேனா பச்சைச் சேலையின் பக்கம் நீண்டிருக்கிறது. பதில் ஸ்டூலிலிருந்து வருகிறது.

"முழுசா எடுத்துருங்கம்மா. இனிமே அதுக்கு என்ன வேலை இருக்கு? மூணு பிள்ளைக்குப் பாலு குடுத்தாச்சு."

தம்பி கதவருகே நிற்கிறார். "பாதியை எடுத்துட்டு மறுபடி வந்துட்டுன்னா என்னம்மா செய்ய? அக்காவுக்கு உயிருல்லா முக்கியம்."

"வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. வந்தா அப்ப முழுசா எடுக்கலாம். அதனால ஆயுசு குறையாது."

கணவர் விரல் விட்டு எண்ணுகிறார். பதினைந்து நாள். கூட ஒரு ஆள். கூட வருகிற ஆளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவர் இரக்கமில்லாதவர் அல்ல. மனைவியின் மாத்திரைப் பட்டை அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் அவருடைய கக்கத்தில் இருக்கிறது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மனைவிக்கு வாங்கிய இட்லி மட்டும் பாதி தீர்ந்திருக்கிறது.

"மாசம் வருதாம்மா?"

கணவர் ஜன்னலைப் பார்க்கிறார். தம்பி வெளியே போய்விடுகிறார்.

"வருது. தள்ளித் தள்ளி."

இந்த அறையில் பச்சைச் சேலை பேசும் முதல் பேச்சு. மருத்துவர் எழுதிக்கொள்கிறார். மாதவிலக்கு நிற்காதவருக்குத் தமாக்சிஃபென். 20 மில்லிகிராம், தினம் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டு. கீமோ வேண்டுமா என்பது எடுத்த சதையைச் சோதித்த பிறகு தெரியும்.

"பிளட் டெஸ்ட், எக்கோ, இன்சூரன்ஸ் எல்லாம் முடிச்சிட்டு மூணு மணிக்கு வாங்க. நீங்களே யோசிச்சு சொல்லுங்க."

கடைசி வாக்கியம் யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. "சரிம்மா" என்கிறார் கணவர்.

காப்பீட்டு கவுன்டரில் வரிசை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய். ஸ்மார்ட் கார்டு, ஆதார், மருத்துவர் கையெழுத்து. கணவர் நிற்கிறார். முன்னால் பதினோரு பேர். தம்பி ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். பச்சைச் சேலையை எக்கோ அறை வாசலில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். எக்கோ அறைக்கு அடுத்த கதவு கீமோ வார்டு. கதவு திறந்தே இருக்கிறது.

சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ட்ரிப்ஸ் கம்பி. தலையில் துண்டு, தலையில் குல்லா, தலையில் சேலைத் தலைப்பு. இரண்டு பேர் எதையும் மூடவில்லை.

முதல் நாற்காலியில் சிஸ்டர் ஒரு முன்னங்கையைத் தட்டுகிறார். மறுபடி தட்டுகிறார். "நரம்பு ஒளிஞ்சிக்கிடுது." வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுகிறார். காத்திருக்கிறார். இது இடது கை. வலது கை சும்மாதான் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் அக்குளில் நெறி எடுத்திருக்கிறது. அந்தக் கையில் மார்க்கரால் எழுதியிருக்கிறது: ஊசி வேண்டாம், பி.பி. வேண்டாம். எழுத்து வளையலுக்கு மேலே, கொஞ்சம் கோணலாக.

நரம்பு கிடைக்கிறது. சிவப்பு மருந்து வருகிறது. டாக்சோரூபிசின். ட்ரிப்ஸ் ஓடும்போதே சிஸ்டர் சிரிஞ்சைக் கையால் மெதுவாக அழுத்துகிறார். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அதனால் சிஸ்டரின் கண் கையை விட்டு நகர்வதில்லை. வார்டில் போன் அடிக்கிறது. எடுக்க யாரும் போகவில்லை. சிரிஞ்ச் காலியாகும்வரை போன் அடிக்கிறது.

"ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும். ரத்தமில்லை. பயப்படக் கூடாது." எல்லோருக்கும் சொல்லும் வாக்கியம். எல்லோருக்கும் முதல் முறையாகச் சொல்லும் குரல்.

அந்தப் பக்கத்து வரிசையில் பேக்ளிடாக்சல் போகிறது. வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம். ஒவ்வாமை வராமலிருக்க முதலில் போடும் ஊசியில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். ஒன்பதாவது வாரம். சேலை நுனியை விரல்களுக்கு நடுவே வைத்து நெருடிப் பார்க்கிறார்.

வாசலிலிருந்து பச்சைச் சேலை கேட்கிறது. "என்னம்மா செய்யுது?"

"விரலு நுனி மதமதன்னு இருக்கு. பூ கட்ட வரல. டாக்டர்கிட்ட சொன்னேன். மருந்தைக் கொஞ்சம் கொறைச்சிருக்காவ. முடிஞ்ச பொறவு பைய பைய சரியாகும்னு சொல்லுதாவ."

பச்சைச் சேலை தன் விரல்களைப் பார்த்துக்கொள்கிறது.

கடைசி நாற்காலிக்காரருக்கு இன்று மருந்து இல்லை. வெள்ளை அணு குறைந்திருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். சிஸ்டர் அவருடைய பிளாஸ்க்கைத் திறந்து ஐஸ் கட்டிகளைப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய மூன்று சிறிய மருந்துக் குப்பிகளை உள்ளே இறக்குகிறார். வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி. குளிர் விடக் கூடாது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினம் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். அவர் பிளாஸ்க்கின் மூடியை இறுக்குகிறார். மறுபடி இறுக்குகிறார். ஊர் போய்ச் சேரும்வரை அது அவர் மடியில் இருக்கும்.

வெளியே சிஸ்டர் பெயர் கூப்பிடுகிறார். பெண்கள் நிமிர்கிறார்கள். எழுந்திருப்பது ஓர் ஆண். வயது அறுபது இருக்கும். வேட்டி, திருநீறு. காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவரை யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்திருக்கிறார். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஆண். அவருக்கும் அதே தமாக்சிஃபென்தான். மாத்திரையை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறார். அந்தப் பெண் தன் பையை நகர்த்தி, அவர் மறுபடி உட்கார இடம் விடுகிறார்.

மூன்றாவது மாடி. ஆபரேஷன் தியேட்டர். மேசையில் வேறொருவர், மயக்கத்தில். காம்புக்குப் பக்கத்தில் மெத்திலீன் புளூ போட்டாகிவிட்டது. நீலம் நிணநீர்ப் பாதையில் அக்குளை நோக்கிப் போகும். கட்டியிலிருந்து நோய் கிளம்பியிருந்தால் அதுவும் அந்தப் பாதையில்தான் போயிருக்கும். முதலில் நீலமாகும் நெறியை எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்ற நெறிகளைத் தொட வேண்டியதில்லை. தொடாத நெறிகள்தான் கையின் நீரை வடியவிடும்.

இன்னொரு சிரிஞ்ச். லிக்னோகெயின். பல் பிடுங்கும் முன் போடும் அதே மருந்து. கட்டியைச் சுற்றி நாலு பக்கமும் போடுகிறார்கள். பிறகு யாரும் ஒன்றும் செய்வதில்லை. கத்தி தட்டில் இருக்கிறது. எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஏழு நிமிடம் ஆக வேண்டும். மும்பை டாடா மெமோரியலின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு, நாட்டின் 11 மையங்களில் 1,600 பெண்களிடம் இதைச் சோதித்தது. முடிவு 2023-இல் வெளியானது. ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம். போட்டவர்களில் 90.1. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மருந்து. தட்டில் இருப்பவற்றில் விலை குறைந்ததும் அதுதான்.

ஏழாவது நிமிடம். "கத்தி."

மருத்துவமனை வாசல். தள்ளுவண்டியில் இலைக் கட்டுகள். அட்டையில் எழுதியிருக்கிறது: முள் சீத்தா, கேன்சருக்கு. தம்பி ஜெராக்ஸ் கவரோடு நிற்கிறார். போனில் யாரோ அனுப்பிய வீடியோவிலும் இதே இலை. விலை கேட்கிறார். வண்டிக்காரர் சொல்கிறார். தம்பி பணத்தை எண்ணுகிறார்.

அதே நேரம் கீழ்த்தளத்தில் கட்டுப் போடும் அறை. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, ஊதுபத்தி எரிகிறது, அப்படியும் வாடை. படுக்கையில் இருப்பவர் எட்டு மாதம் பச்சிலை அரைத்துக் கட்டியவர். வந்தபோது கட்டி தோலை உடைத்துக்கொண்டு வெளியே நின்றது. சிஸ்டர் உப்பு நீரால் கழுவுகிறார். வாடையைக் குறைக்க மெட்ரோனிடசோல் பொடியைத் தூவுகிறார். மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். மூக்கைப் பொத்தவில்லை. மாமியாரின் காதில் விழாதபடி கேட்கிறாள். "முன்னாடியே வந்திருந்தா?"

சிஸ்டர் பஞ்சை மாற்றுகிறார். "இப்ப வந்துட்டீங்கல்ல. கட்டு நனையாமப் பாத்துக்கோங்க. கீமோவுல சுருங்கும்."

அந்த அறைக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

எக்கோ முடிந்துவிட்டது. கணவர் இன்னும் வரிசையில். முன்னால் நான்கு பேர். பச்சைச் சேலை எழுந்து நடக்கிறது. யாரும் போகச் சொல்லவில்லை. படியிறங்கி, இடது கைப்பக்கம் திரும்பி, மஞ்சள் வட்டத்தில் கறுப்பு விசிறி வரைந்த கதவு வரை போகிறது.

கதிர்வீச்சுப் பிரிவு. கதவு ஒரு சாண் கனம். சுவர் அதற்கும் பல மடங்கு. வெளியே பெஞ்சில் ஐந்து பேர். எல்லோருடைய மேல்சட்டையும் முன்பக்கம் நாடா கட்டியது. இங்கே வருகிறவர்கள் ஒருவரையொருவர் எண்ணால் அறிகிறார்கள்.

"உங்களுக்கு எத்தனை?"

"ஏழு."

"எனக்கு இன்னைக்கு பதினஞ்சு."

பதினைந்து என்றவரின் பக்கத்தில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம். பெஞ்சில் எல்லோருக்கும் கொடுக்கிறார். பச்சைச் சேலைக்கும்.

முன்பெல்லாம் 25 முறை, ஐந்து வாரம். பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளுக்குப் பிறகு 15 முறை, மூன்று வாரம். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பத்து நாள் பெரிது.

உள்ளே ஒருவர் பலகையில் படுக்கிறார். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடியில் வைக்க வேண்டும். மார்பில் மையால் போட்ட குறிகள். பச்சை ஒளிக்கோடு குறியின் மேல் வந்து நிற்கிறது. டெக்னீஷியன் அரை விரல் நகர்த்துகிறார். இடது மார்பு என்றால் மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வார். நெஞ்சுக் கூடு விரிந்து இதயம் கதிரிலிருந்து விலகி நிற்கும். எல்லோரும் வெளியே வருகிறார்கள். கதவு மூடுகிறது. சிவப்பு விளக்கு. வெளியே இருக்கும் திரையில் அந்த ஒருவர் மட்டும், அசையாமல். சில நிமிடம். விளக்கு அணைகிறது. அவர் எழுந்து நாடாவைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறார்.

"சுடுமா?" பச்சைச் சேலை கேட்கிறது.

"உள்ள ஒண்ணும் தெரியாது. பத்து நாளு கழிச்சு தோலு கறுக்கும், அரிக்கும். சோப்பு போடக் கூடாது. எப்பிடி வாரீய?"

"முடிவு பண்ணல."

"நான் தனியாத்தான் வாரேன். டவுன் பஸ்ஸுல பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லல்லா."

பெஞ்சுக்கு எதிரே பிசியோதெரபிச் சுவர். தரையிலிருந்து மேலே ஏணிப்படியாகக் கோடுகள். கைவிரல்களைச் சுவரில் நடக்கவிட்டு ஒவ்வொரு கோடாக ஏற வேண்டும். கை தலைக்கு மேலே போகாதவரைக் கதிர்வீச்சுப் பலகையில் படுக்க வைக்க முடியாது. கோடுகளின் ஓரம் பென்சிலில் தேதிகள், முதலெழுத்துகள். ஒரே முதலெழுத்து தோளளவில் ஒரு தேதியில், கண்ணளவில் ஒரு தேதியில், நெற்றிக்கு மேலே ஒரு தேதியில்.

இப்போது சுவரில் ஏறிக்கொண்டிருக்கும் கை வீங்கியிருக்கிறது. முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு எது என்று தெரியவில்லை. அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருந்தவர். பிசியோதெரபிஸ்ட் டேப்பால் அளக்கிறார். போன மாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. சட்டைக்கை நீளத்துக்கு இறுக்கமான உறை ஒன்றை மாட்டிவிடுகிறார். "கட்டாயம் போட்டிருக்கணும். வெட்டுக்காயம், சூடு எதுவும் படக் கூடாது."

பச்சைச் சேலை அந்தக் கையை வெகுநேரம் பார்க்கிறது. மார்பைப் பற்றிக் காலையிலிருந்து மூன்று பேர் பேசியிருக்கிறார்கள். கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மணி. அறுவை மருத்துவரின் அறை. இந்த முறை நாற்காலி முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. கணவர் கையில் காப்பீட்டுச் சீட்டு. தம்பி கையில் இலைக்கட்டு, செய்தித்தாளில் சுற்றியது. மருத்துவர் அதைப் பார்க்கிறார். திட்டவில்லை. "இதைச் சாறு எடுத்துக் குடிக்கிறேன்னு மருந்தை நிறுத்திடக் கூடாது. கீமோ நேரத்துல இது எதுவும் வேண்டாம்." தம்பி இலைக்கட்டை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொள்கிறார்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க?"

கணவர் வாயைத் திறக்கிறார். பச்சைச் சேலை முந்திக்கொள்கிறது.

"கை வீங்குமாம்மா?"

மருத்துவர் காலையில் வரைந்த தாளைத் தேடி எடுக்கிறார். அக்குள் புள்ளிகளில் ஒன்றைச் சுற்றி வட்டமிடுகிறார். நீல மருந்தைச் சொல்கிறார். முதல் நெறியைச் சொல்கிறார். அதில் நோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுவதைச் சொல்கிறார். "அப்படியும் நூத்துல சில பேருக்கு வீங்கும். ஆனா எல்லாத்தையும் எடுத்தா வர்றதைவிட ரொம்பக் கம்மி. நெறியில நோய் இருந்துச்சுன்னா எடுக்கத்தான் வேணும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"முழுசா எடுத்தாலும் இந்த நெறியப் பாக்கணுமா?"

"ஆமா. மார்பை எடுத்தாலும் வச்சாலும் நெறி விஷயம் ஒண்ணுதான்."

"பீடி எப்பம் சுத்தலாம்?"

"தையல் ஆறணும். கைப் பயிற்சி மறுநாளே ஆரம்பிக்கணும். ஒரு மாசம் கழிச்சு, கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியா உக்காந்து சுத்தக் கூடாது."

"அப்பம் கட்டிய மட்டும் எடுங்க. நல்லா இருக்கதை எதுக்கு எடுக்கணும்?"

கணவர் திரும்பிப் பார்க்கிறார். "பதினஞ்சு நாளு வரணும். யாரு கூட வருவா?"

"நான் வந்துக்கிடுவேன். டவுன் பஸ்ஸு இருக்குல்லா."

மருத்துவர் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துகிறார். கையெழுத்துப் போடும் இடத்தில் கணவரின் விரல் முதலில் போகிறது. மருத்துவர் பேனாவை இந்தப் பக்கம் கொடுக்கிறார். பெயர் முழுதாக எழுதப்படுகிறது, இனிஷியலோடு. பிறகு சாட்சி இடத்தில் கணவர்.

"செவ்வாயும் வெள்ளியும் தியேட்டர். வர்ற செவ்வாய் இடம் இருக்கு."

"செவ்வா வேண்டாம்மா. பாதி வாரத்துல விட்டா பீடிக்கடையில கணக்கு நின்னுரும். வெள்ளிக்கிழமை போடுங்க."

"வெள்ளின்னா வியாழன் காலையில அட்மிட் ஆகணும்."

"புதன் சாய்ங்காலம் கடையில ஏத்திட்டு வாரேன்."

மருத்துவர் டைரியில் எழுதுகிறார். வெள்ளி. வலது. நீலம். காப்பீட்டுச் சீட்டின் எண்ணைப் பார்த்து எழுதுகிறார்.

கணவர் படிவத்தின் நகலை மடிக்கிறார். மடித்தபடியே கேட்கிறார். "கரண்டு வைக்கதுக்கு எங்கம்மா போவணும்?"

மருத்துவர் நிமிர்வதற்குள் பதில் வந்துவிடுகிறது.

"கீழ்த்தளம். படி எறங்கி இடது கைப்பக்கம். நான் பாத்துட்டு வந்துட்டேன்."